பத்து லட்சத்து ஒன்பது

இல்லை, அவளாக இருக்காது, இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை முகங்கள், ஒரு வயசுக்கு மேல் எல்லா முகமும் வேறு யாரோ ஒருவருடைய ஜாடைக்கு வந்துவிடுகிறது... என்று கணக்கு வாத்தியார் தன் எதிரே உட்கார்ந்திருந்த தகப்பனாரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நினைத்தார். அந்த மனிதர் தன் பையனின் மதிப்பெண்ணைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், வாத்தியாரும் ம், ம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார், ஆனால் கண் மட்டும் அவர் தோளைத் தாண்டி மூன்றாவது பெஞ்சுக்கு ஓடியது, இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தினாலும் மறுபடி அங்கேயே போய் நின்றது. சனிக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம், வந்த வரிசையில் பெஞ்சில் உட்கார வேண்டும், ஒருவர் எழுந்து போகப் போக அடுத்தவர் நகர்ந்து முன்னால் வர வேண்டும், அந்தப் பெண்மணிக்கு முன்னால் இவரையும் சேர்த்து இன்னும் நாலு பேர். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அவள் மகள். அந்தக் குட்டி இந்த வருஷம் முழுக்க என் வகுப்பில்தானே இருக்கிறது, எப்படித் தெரியாமல் போயிற்று எனக்கு? வருஷ ஆரம்பத்தில் அப்பாதான் வந்தார், மீசை வைத்த மனிதர், சிரித்த முகம், அவரைப் பார்த்து என்ன தெரிந்துவிடும்... ஜாடை, வெறும் ஜாடை, வேறொன்றுமில்லை. அப்போது அந்தப் பெண்மணி இடது கட்டை விரலைப் பல்லுக்கிடையே கொண்டுபோய் நகத்தைக் கடித்தாள். போச்சு. அவளேதான். பழைய எட்டாம் வகுப்பின் பதினாறாம் எண்.

"அப்ப ஒண்ணா சார், ரெண்டா?" என்று தகப்பனார் கேட்டார். மேஜைமேல் படிவக் கட்டு இருந்தது. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் கணக்கு ஒன்று, கணக்கு இரண்டு என்று இரண்டு பிரிவு. ஒன்று எடுத்தால் மேலே எந்தப் படிப்புக்கும் கதவு திறந்திருக்கும். இரண்டு எடுத்தால் கூட்டல் கழித்தல் விகிதம் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டுக் கணக்குக்கு ஒரேயடியாகக் கும்பிடு போட்டுவிடலாம். பெற்றோர் கையெழுத்தோடு பன்னிரண்டு மணிக்குப் படிவம் அலுவலகத்துக்குப் போய்விட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. "ஒண்ணே போடுங்க, பையன் சமாளிச்சுடுவான்" என்றார் வாத்தியார், சொன்ன பிறகுதான் எந்தப் பையன் என்று படிவத்தில் பார்த்தார், நல்லவேளை, சமாளிக்கிற பையன்தான். தகப்பனார் கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றி சொன்னார். பெஞ்சில் எல்லாரும் ஓர் இடம் நகர்ந்தார்கள். அவளும் நகர்ந்தாள், மடியில் ஒரு துணிப்பை, பையின் வாயிலிருந்து அளவு நாடா ஒன்று எட்டிப் பார்த்தது, தையல் வேலையா, இருக்கும்... மூன்று பேர்.

பத்து லட்சத்து ஒன்பது. ஒன்று போட்டு ஐந்து சைபர் போட்டு ஒன்பது. சிலருக்குக் குலதெய்வத்தின் பெயர் மாதிரி, சிலருக்குப் பழைய வியாதியின் பெயர் மாதிரி, வாத்தியாருக்கு இந்த எண். குளிக்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் வரும், வாய்க்குள்ளேயே என்ன முணுமுணுப்பு, வயசாயிடுச்சா உங்களுக்கு என்று மனைவி கேட்பாள், ஒன்றுமில்லை என்பார். ஒன்றுமில்லையா? அந்த எண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆயிரத்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டினால் அது. தொள்ளாயிரத்து எழுபத்திரண்டின் வர்க்கத்தோடு இருநூற்று முப்பத்தைந்தின் வர்க்கத்தைக் கூட்டினாலும் அதுவே. ஒரே எண் இப்படி இரண்டு வழியில் இரண்டு வர்க்கங்களின் கூட்டாக வந்தால் அது பகா எண்ணாக இருக்கவே முடியாது என்று ஒரு விதி உண்டு, அழகான விதி, அதைக்கூட இத்தனை வருஷத்தில் ஒரு வகுப்பிலும் அவர் சொல்லிக் கொடுத்ததில்லை, எங்கே யாராவது உதாரணம் கேட்டுவிடுவார்களோ என்று பயம். பகா எண் இல்லை. பகா எண்ணே இல்லை. அதை நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கொண்டு பகா எண்ணாக்கினவர் அவர்.

அடுத்து வந்தது ஒரு அம்மா, தன் மகளுக்கு வகுப்பில் ஜன்னல் பக்கம் இடம் வேண்டும் என்றாள், வாத்தியார் பார்க்கலாம் என்றார், ஏன் வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அவருக்கு வேலை கிடைத்து எட்டு மாதம். நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியை வந்து பின்னால் உட்கார்ந்து ஒரு வகுப்பை முழுக்கப் பார்த்து அறிக்கை எழுதினால்தான் நிரந்தரம், கல்யாணம் வேறு ஆகிவிட்டது, மாமனார் வீட்டில் மாப்பிள்ளை வேலை எப்படி என்று வாரத்துக்கு ஒரு தடவை விசாரிப்பு. அதற்காகத்தான் அந்த வித்தை. எட்டாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பேர். ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஒன்றிலும் மீதியில்லாமல் வகுபடாவிட்டால் பகா எண்தான். இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் ஆயிரத்துக்கு ஒரு மயிரிழை மேலே. ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்றறுபத்தெட்டு. நூற்றறுபத்தெட்டை நாற்பத்திரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குச் சுளையாக நாலு. அந்தச் சுளையான நாலுதான் அவரை மயக்கிவிட்டது, ராத்தூக்கம் வராமல் புரள வைத்த சந்தோஷம். ஒண்டி ஆள் உட்கார்ந்தால் நாள் கணக்காகும், நாற்பத்திரண்டு பேர் கைகோத்தால் முக்கால் மணி நேரம், என்ன ஒரு பாடம்! விடை அவருக்கு முன்னாலேயே தெரியும், தெரியும் என்று நினைப்பு, கல்லூரி நோட்டில் பேராசிரியர் சொல்லி எழுதிக்கொண்டது, அந்தக் காலத்து மேதை ஒருவர் கண் பார்வை மங்கின பிறகும் பத்து லட்சத்துக்கு மேலே உள்ள பகா எண்களைப் பட்டியல் போட்டார், அதில் இதுவும் ஒன்று என்று. அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. அதற்கு மறுநாள் கல்லூரி வகுப்புக்கு அவர் போகவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆட்டம் பார்க்கப் போனார்.

"சார், எனக்கு மீதி வரல." அந்தக் குரல்... ஜன்னல் பக்கத்து அம்மா எழுந்து போய்விட்டாள், யாரோ உட்கார்ந்துவிட்டார்கள், தாத்தா மாதிரி ஒருவர், பேத்திக்கு வந்திருக்கிறாராம், காது சரியாகக் கேட்காது போலிருக்கிறது, கையைக் காதோரம் குவித்துக்கொண்டு காத்திருந்தார். வாத்தியார் கொஞ்சம் உரக்கப் பேசினார், அந்தச் சத்தத்துக்குள்ளே அந்த மெல்லிய குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது. பதினாறாம் எண்ணுக்கு வந்த பங்கு இருநூற்று எண்பத்து மூன்று, இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று, முந்நூற்று ஏழு, முந்நூற்றுப் பதினொன்று. மற்ற எல்லாரும் மீதி வருது சார், மீதி வருது சார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல, அவள் மட்டும் கட்டை விரலைக் கடித்துக்கொண்டு, 293-ல மீதி வரல சார் என்றாள். பின்னால் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி போட்டுப் பாரு என்றார் இவர். ரெண்டு தடவை போட்டுட்டேன் சார் என்றாள் அவள். முந்தின வாரப் பரீட்சையில் இருபத்தைந்துக்கு ஒன்பது வாங்கினவள், அவள் போட்டால் என்ன, நூறு தடவை போட்டால்தான் என்ன? அவள் நோட்டை வாங்கிப் பார்த்திருக்கலாம். நாலு வரி. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. வாங்கவில்லை. "சரி, போர்டுல வந்து போடு. எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் பார்க்கட்டும்! என்ன வார்த்தை அது, எந்த வாயால் சொன்னேன்? எண்பத்து நாலு கண்ணில் அவள் கண் போக மீதி எண்பத்திரண்டு கண், அப்புறம் தலைமையாசிரியையின் கண்ணாடி, அதற்கு முன்னால் பதிமூன்று வயசுக் குழந்தை, சாக்பீஸ் இரண்டு தரம் கையிலிருந்து நழுவியது. ஆயிரத்தில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று மூன்று தடவை, எண்ணூற்று எழுபத்தொன்பது, கழித்தால் நூற்றிருபத்தொன்று, சைபரை இறக்கினால் ஆயிரத்து இருநூற்றுப் பத்து, நாலு தடவை... இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றை நாலால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றெழுபத்திரண்டு. அவள் ஆயிரத்து நூற்றறுபத்திரண்டு என்று எழுதினாள். ஒரே ஒரு இலக்கம். பயத்தில் வருகிற பிழை, எழுபது அறுபதாகிவிடுகிற பிழை. அங்கிருந்து கோணிக்கொண்டு போய்க் கடைசியில் மீதி நூற்றிருபத்தொன்றில் வந்து நின்றது. "என்ன வந்திருக்கு?" "மீதி வந்திருக்கு சார்." "எவ்வளவு?" "நூத்தியிருபத்தொண்ணு சார்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின்னால் தலைமையாசிரியையும் புன்னகைத்தார். உட்காரு என்றார் இவர். உட்கார்ந்தாள். இதில் அவரைப் பிடுங்கித் தின்பது அது இல்லை, அதற்கும் உள்ளே ஒன்று இருக்கிறது. அந்த ஆயிரத்து நூற்றறுபத்திரண்டை அப்போது நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா? கணக்கு வாத்தியார் அய்யா நான், எதிரே போகிற பஸ்ஸின் எண்ணில் கூட ஒரு பெருக்கலைப் பார்க்கிற ஆள், பலகையில் கொட்டை எழுத்தில் எழுதின தப்புப் பெருக்கல் என் கண்ணுக்கு எப்படித் தப்பும்? கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறார். அது நிஜமா என்று இந்த இருபத்திரண்டு வருஷத்தில் தீர்மானமாகத் தெரியவில்லை. பார்த்தேன் என்றுதான் தோன்றுகிறது. பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் தோன்றுகிறது.

"சத்தமா சொல்லுங்க தம்பி" என்றார் தாத்தா. ரெண்டே போடுங்க, கணக்கு ரெண்டு, என்று வாத்தியார் இரண்டு விரலைக் காட்டினார். தாத்தாவும் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துவிட்டுக் கோணல் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரே ஒருவர். பெஞ்சு நகர்ந்தபோது அவள் நேருக்கு நேர் பார்த்துக் கை கூப்பினாள், மரியாதையாக, எல்லா வாத்தியாரையும் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி, அதில் கோபமும் இல்லை குத்தலும் இல்லை, இவர் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு பேனா மூடியைத் தேடினார்.

அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துவிட்டது. அதைத்தான் சொல்ல முடியவில்லை. பத்து வருஷம் கழித்துத் தெரிந்திருந்தால் யார் என்ன சொல்ல முடியும், ஐந்து வருஷம் கழித்து என்றாலும் சரி. அன்றைக்கே, ஆறு மணிக்கு, காப்பி டம்ளர் ஆறுவதற்குள். அறிக்கையோடு சேர்த்து வைக்க ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார், எழுத உட்கார்ந்தவர் அந்தப் பெண்ணின் கணக்கையும் சரிபார்த்து ஒரு வரி சேர்ப்போமே, மாணவிக்கு நேர்ந்த பிழை பொறுமையாகத் திருத்தப்பட்டது என்று, நன்றாக இருக்குமே என்று நினைத்தார். மூன்று. நாலு. ஒன்று. கடைசியில் எண்ணூற்று எழுபத்தொன்பது, முதலில் கழித்த அதே எண்ணூற்று எழுபத்தொன்பது, மூன்று தடவை, சைபர். மூவாயிரத்து நானூற்றுப் பதிமூன்று. பெருக்கிப் பார்த்தார், பத்து லட்சத்து ஒன்பது. மறுபடி பெருக்கினார், பத்து லட்சத்து ஒன்பது. நாளைக் காலை முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார், சத்தியமாக முடிவு பண்ணினார், என்ன சொல்வது என்று வார்த்தைகூட யோசித்து வைத்தார். காலையில் போனால் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் இவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடமே கை தட்டியது, நாற்பத்திரண்டு பேரையும் மேடையேற்றினார்கள், பதினாறாம் எண்ணும் ஏறி ஓரமாக நின்றது. தாழ்வாரச் சுவரில் எழுதுகிறவரைக் கூப்பிட்டு நீலப் பெயிண்டில் பெரிதாக எழுத வைத்தார்கள், 1000009, பகா எண், கண்டறிந்தோர் எட்டாம் வகுப்பு என்று. அதற்கு மேல் எப்படிச் சொல்வது? நாளைக்கு, அடுத்த வாரம், நிரந்தரக் கடிதம் கைக்கு வந்ததும், பரீட்சை முடிந்ததும்... பிள்ளைகள் அவளுக்கு மீதி என்று பெயர் வைத்தார்கள். ஏ மீதி, இங்க வா. மீதி, பென்சில் குடு. ஒரு நாள் விடைத்தாள் கொடுக்கும்போது இவர் வாயிலேயே வந்துவிட்டது, "மீதி எங்க?" என்று, பேப்பர் மீதி எங்கே என்றுதான் கேட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், வகுப்பு சிரித்தபோது தானும் சேர்ந்து சிரித்ததற்கு மட்டும் ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவளுக்கு முன்னால் மிச்சமிருந்தவர் எதுவும் கேட்கவில்லை, கணக்கு ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவசரமாகக் கிளம்பினார், கொஞ்சம் உட்காரக் கூடாதா இந்த மனுஷன், இரண்டு கேள்வி கேட்கக் கூடாதா? அந்த மேதை விஷயமும் பிறகுதான் தெரிந்தது, கூடப் படித்தவன் ஒருவன் கல்யாண வீட்டில் சொன்னான், நீ வராத அன்னிக்குத்தாண்டா பேராசிரியர் மீதிக் கதையைச் சொன்னார், அந்த மேதை தான் போட்டது தப்பு என்று கண்டுபிடித்து, தானே எழுதி வெளியிட்டார், அதுதான் கதையே, நீ பாதிக் கதையை வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணியிருக்கிறாய் என்று சிரித்தான். ஊர் உலகம் கொண்டாடுகிற ஆள், கண்ணும் மங்கிப்போன கிழவர், அவர் சொல்லிவிட்டார். எனக்கு என்ன கேடு? தாழ்வாரத்தை இடித்துப் புதுக் கட்டடம் கட்டினபோது அந்தச் சுவர் விழுவதை நின்று பார்த்தார், அப்பாடா என்று இருந்தது, அப்பாடா என்று இருந்ததற்காக அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

"வணக்கம் சார். என்னைத் தெரியுதா?" அவள் உட்கார்ந்துவிட்டாள். தெரியாம என்ன, உக்காரு... உக்காருங்க என்றார், நீயா நீங்களா என்று நாக்கு தடுமாறியது, அவள் சிரித்தாள், நீன்னே சொல்லுங்க சார் என்றாள். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலையாம், பன்னிரண்டு வருஷமாம், மகள் பக்கத்தில் நின்றுகொண்டு நகத்தைக் கடித்தது, அம்மா அதன் கையைத் தட்டிவிட்டாள். வாத்தியார் அந்தப் பெண்ணின் விடைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தார், இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்ததுதான். மொத்தம் ஏழு இடத்தில் சரியான விடையை எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தப்பான விடையை எழுதியிருந்தது. ஏழும் சரி. ஏழும் அடித்தல்.

"எழுதினதெல்லாம் சரிதான், எழுதிட்டு அடிச்சுடறா, ஏன்னு கேட்டா சந்தேகமா இருந்துச்சு சார்ங்கறா" என்றார்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். சந்தேகம் வந்தா நம்ம கண்ணை நம்பாதே, அடிச்சுடுன்னு." அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள், வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள், கணக்கு இரண்டு, கையெழுத்து மட்டும் பாக்கி. "எங்க குடும்பத்துக்கு இது ராசியில்ல சார். ரெண்டே போட்டுடறேன். என் கதைதான் உங்களுக்கே தெரியுமே." மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "அப்பா சொல்வாரு சார், உங்கம்மா வகுபடாத நம்பரையே வகுத்தவன்னு. கடையில மட்டும் டக்குடக்குன்னு சொல்லுவாங்க, நூத்தியெழுபத்தாறு சென்டிமீட்டர் ஜன்னலா, பதினோரு சென்டிமீட்டருக்கு ஒண்ணு, பதினாறு மடிப்புன்னு." அது கைவேலைடி, அது கணக்கா என்றாள் அம்மா. பிறகு வாத்தியாரைப் பார்த்து, ஏதோ ஒரு பழைய வேடிக்கையை ஞாபகப்படுத்துகிற மாதிரி, "அன்னிக்கு வீட்டுக்குப் போய் மூணு தடவை போட்டேன் சார். மூணு தடவையும் மீதியே வரல. அப்பத்தான் எனக்குத் தெளிஞ்சுது, வகுக்கறதே எனக்கு வரலைன்னு. அதுக்கப்புறம் நான் கணக்குப் பக்கமே போகல."

மூன்று தடவை. இவர் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அதே சாயங்காலம், இன்னொரு வீட்டில், மூன்று தடவை சைபர் வந்து, மூன்று தடவையும் அந்தச் சைபர் என்னைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறது, அவளோ தன்னைத்தான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேனாவைத் திறந்துவிட்டாள். கையெழுத்துப் போட்டுவிடுவாள். "இரும்மா, போடாதே" என்றார். ஒரு வெள்ளைத்தாளை மகள் பக்கம் நகர்த்தினார், பத்து லட்சத்து ஒன்பது, இதை இருநூத்தித் தொண்ணூத்தி மூணால வகு என்றார். அம்மா ஐயோ சார் என்று சிரித்தாள். மகள் பென்சிலை எடுத்தது. மூன்று, நூற்றிருபத்தொன்று. நாலு, அந்தப் பென்சில் ஆயிரத்து நூற்றெழுபத்திரண்டு என்று தயங்காமல் எழுதியது, முப்பத்தெட்டு. ஒன்று, எண்பத்தேழு. மூன்று. சைபர். மகள் அந்தச் சைபரைப் பார்த்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்தது, தப்பாப் போட்டுட்டேன் சார் என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் கோடு இழுக்கப் பென்சிலைக் கொண்டுபோனது.

"அடிக்காதே! சரிதான் அது" என்றார் வாத்தியார், தேவைக்கு மேல் உரக்க, வாசலில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா போட்டதும் சரிதான். அது பகா எண் இல்லம்மா. நான் சொன்னதுதான் தப்பு. போர்டுல உனக்குப் பயத்துல ஒரு பெருக்கல் மாறிப் போச்சு, அவ்வளவுதான். நோட்டுல போட்டது சரி. வீட்டுல போட்ட மூணும் சரி." சொல்லியாயிற்று. நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது, கண்கூட மங்கியது, சொல்லியேவிட்டேன்... அவள் தாளை இழுத்து வைத்துக்கொண்டு மகளின் கணக்கை வரி வரியாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைபர் மேல் விரல் வந்து நின்றது. பிறகு நிமிர்ந்து, குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, வெறுமனே தெரிந்துகொள்கிற குரலில் கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பேச்சை மனசுக்குள் பேசிப் பார்த்தவர், எத்தனை விதமாக, அவள் அழுகிற மாதிரி, அவள் திட்டுகிற மாதிரி, அவள் மன்னிக்கிற மாதிரி, ஒரு தடவைகூட இந்தக் கேள்வி வந்ததில்லை. "இப்பத்தாம்மா. போன மாசம். பழைய நோட்டு ஒண்ணைப் புரட்டிட்டிருந்தப்ப..." என்றார்.

அவள் கண் நிறைந்துவிட்டது. சிரித்தாள், முந்தானையால் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். "பாருங்க சார், போன மாசம் தெரிஞ்சு, என்னைப் பாத்த உடனே சொல்லணும்னு தோணிச்சே உங்களுக்கு. வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு." மகள் பக்கம் திரும்பி அதன் தோளைப் பிடித்து, "கத்துக்கடி. தப்புன்னு தெரிஞ்சா சார் மாதிரி உடனே ஒத்துக்கணும், இத்தனை வயசானாலும்" என்றாள். புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கினாள், கணக்கு ஒன்று, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளை நான் எடுத்துக்கட்டுமா சார், வீட்டுல இவங்கப்பாகிட்ட காட்டணும் என்றாள், எடுத்துக்கோ என்றார். நாலாக மடித்து அளவு நாடாவோடு பைக்குள் வைத்தாள், எழுந்து நின்று கை கூப்பினாள், மகளையும் கும்பிடச் சொன்னாள். அது கும்பிட்டது.

கூப்பிடலாம், இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அம்மா ஒரு நிமிஷம் என்றால் திரும்பிவிடுவாள். அன்றைக்காவது தலைமையாசிரியை இருந்தார், நிரந்தரமாகாத வேலை இருந்தது, மாமனார் இருந்தார், பயம், ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது என்ன இருந்தது? ரிட்டையர் ஆக மூன்று வருஷம் இருக்கிற ஆள், யாரும் எதையும் பிடுங்கிக்கொள்ள முடியாது, எதிரே ஒரு தையல்காரப் பெண்ணும் ஒரு குழந்தையும், அவள் கேட்டு முடிப்பதற்குள் பொய் தயாராக நாக்கில் உட்கார்ந்திருந்ததே, யோசிக்கக்கூட இல்லையே... அப்படியென்றால் அன்றைக்கும் பயம் காரணமில்லையா? அந்த ஆயிரத்து நூற்றறுபத்திரண்டை நான் பார்த்துத்தான் இருக்கிறேனா? படியில் இறங்கும்போது மகள் ஏதோ கேட்டது, அவள் குனிந்து பதில் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தன் கண்ணை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்பினாள், இன்றைக்கும் அதையேதான் செய்துவிட்டுப் போகிறாள், இந்தத் தடவை மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அடுத்து வந்த பெற்றோர் உட்கார்ந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். "சார்" என்றார் அவர் இரண்டாவது தடவையாக. "சொல்லுங்க" என்றார் வாத்தியார், கண்ணை வாசலிலிருந்து எடுக்காமல்.